கரண்ட் போன ராத்திரியிலும் பேசட்டும் நம் ஸ்டேஷன்!



ஹாம் ரேடியோ என்று சொன்னால் நம்மில் பாதிப் பேர், "அதான் கையில செல்போன் இருக்கே, இன்னும் எதுக்குப்பா அந்தப் பழைய சமாச்சாரம்?" என்று கேட்பீர்கள். மீதிப் பேர், "ராஜீவ் காந்திகூட ஒரு ஹாம் தானாமே!" என்று பொது அறிவைக் காட்டுவீர்கள். உண்மைதான். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் அழைப்புக்குறி வி.யூ.2 ஆர்.ஜி. ஆனால் நான் எழுத வந்தது பிரதமர்களின் பொழுதுபோக்கைப் பற்றி அல்ல; சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த டிப்ளமோ மாணவனின் பொழுதுபோக்கைப் பற்றி. அதிலும், இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கும் ரேடியோ நிலையங்களைக் கட்டுவது பற்றி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிலையங்களை இன்டர்நெட்டை நம்பிக் கட்டுவது நம் மாவட்டத்துக்கு உதவாது. கரண்ட் இல்லாமல், நெட் இல்லாமல், கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ரேடியோ அலையிலேயே செய்தி போய்ச் சேர வேண்டும். அப்படிக் கட்டினால்தான் அது நிலையம். இல்லாவிட்டால் அது இன்னொரு செல்போன் ஆப்; அவ்வளவுதான்!

ஏ.பி.ஆர்.எஸ். என்றால் என்ன?

ஒரு ஜி.பி.எஸ். மாட்யூல், ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், ஒரு வி.எச்.எஃப். டிரான்ஸ்மிட்டர். ஜி.பி.எஸ். தரும் அட்சரேகை, தீர்க்கரேகையை மைக்ரோ கன்ட்ரோலர் ஒரு சிறு பாக்கெட்டாகக் கட்டுகிறது. அதை 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாற்றி, நொடிக்கு 1200 பிட் வேகத்தில் அனுப்புகிறது. கேட்டால் ஒரு 'சர்ர்ர்' சத்தம், அவ்வளவுதான். கேட்கும் நிலையம் அதைப் பிரித்து, வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கிறது. நடுவில் நிற்கும் டிஜிபீட்டர் என்ற நிலையம், தான் கேட்ட பாக்கெட்டை அப்படியே திரும்ப ஒலிபரப்பி அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகிறது. பாடத்தில் படித்த எஃப்.எஸ்.கே. மாடுலேஷன்தான் இது. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோனதற்கு உயிர் வருகிறது, அவ்வளவே.

இதை உருவாக்கியவர் அமெரிக்கக் கடற்படை அகாடமியில் பணியாற்றிய பாப் புரூனிங்கா. 1984-ல் நூறு மைல் குதிரைப் பந்தயம் ஒன்றில் தகவல் அனுப்ப, வி.ஐ.சி.-20 என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டரில் இதன் ஆரம்ப வடிவத்தைப் பயன்படுத்தினார். நம் லேபில் ஓரமாகக் கிடக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் அதைவிடப் பெரியது! 2022-ல் அவர் மறையும்வரை திரும்பத் திரும்ப ஒன்றை வலியுறுத்தி வந்தார்: இது வண்டி எங்கே போகிறது என்று பார்க்கும் கருவி அல்ல, களத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே நிலவரத்தைப் பார்க்க உதவும் இருவழித் தொடர்பு. முதலில் 'பொசிஷன்' என்று இருந்த பெயரையே 'பாக்கெட்' என்று மாற்றினார் என்றால் பாருங்களேன்!

அதாவது, நான் எங்கே இருக்கிறேன் என்பது மட்டுமல்ல. "இந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது", "இந்தப் பள்ளிக்கூடத்தில் மக்கள் தங்கியிருக்கிறார்கள், குடிதண்ணீர் தேவை" என்று வரைபடத்தில் ஒரு குறியை வைத்து அனுப்பலாம். சிறு செய்திகள் அனுப்பலாம். மழைமானி, காற்றுமானி அளவுகளை அனுப்பலாம். குரலில் சொன்னால் ஒருவர் கேட்டு எழுத வேண்டும். காதில் விழாவிட்டால் "திருப்பிச் சொல்லுங்க" என்று கத்த வேண்டும். இதில் கேட்கும் நிலையம் ஒவ்வொன்றிலும் அது தானாகவே பதிவாகிவிடும்.

இதெல்லாம் வெளிநாட்டு விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். 2019 ஏப்ரல் 1-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி45 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில், ஆம்சாட்-இந்தியா அமைப்பு செய்த ஏ.பி.ஆர்.எஸ். டிஜிபீட்டர் ஒன்று பறந்தது. இந்தியப் பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களின் சரக்கு விண்வெளிக்கே போயிருக்கிறது. கடலூர் ஓ.டி.யிலிருந்து சிதம்பரம் போக முடியாதா என்ன?

நம் ஊர்க் கணக்கு

நம் மாவட்டத்துக்கு இயற்கை வைத்திருக்கும் கணக்கு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2004 டிசம்பர் 26, சுனாமி. தேவனாம்பட்டினம் முதல் பிச்சாவரம் பக்கத்துத் தீவுக் கிராமங்கள் வரை, மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2011 டிசம்பர் 30, 'தானே' புயல். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் ஒரே காலையில் சாய்ந்தன. 2015 நவம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

"வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினால் போச்சு" என்பவர்களுக்குத் தானே புயலை நினைவுபடுத்துகிறேன். மின்கம்பங்கள் வரிசையாக ஒடிந்து கிடந்தன. பல கிராமங்களில் கரண்ட் திரும்பி வர நாள்கணக்கு இல்லை, வாரக்கணக்கு ஆனது. கரண்ட் இல்லாத இடத்தில் செல்போன் டவருக்கு பேட்டரியும் ஜெனரேட்டரும்தான் கதி. டீசல் கொண்டு போக வேண்டிய ரோட்டில் மரம் விழுந்து கிடந்தால்? உங்கள் கையில் இருக்கும் போன் நன்றாகத்தான் இருக்கும். அது பேச எதிர்ப்பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

சுனாமி நேரத்தில் அந்தமானில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி ஒரு குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். போனது எதற்கு? உலகெங்கும் உள்ள ஹாம்களோடு அந்தமானிலிருந்து பேசி மகிழ, அதாவது சுத்தமான பொழுதுபோக்குக்காக! சுனாமி வந்தது. அதே பொழுதுபோக்கு நிலையம் தீவையும் தாய்நாட்டையும் இணைக்கும் பாலமாகிவிட்டது. உறவினர் பிழைத்திருக்கிறாரா என்ற கேள்விக்கு அதன் வழியே பதில்கள் போயின. ஆபத்து வந்த பிறகு கட்டிய நிலையம் அல்ல அது. ஏற்கெனவே கட்டி, பேசிப் பேசிப் பழகியிருந்த நிலையம். பாடம் அங்கேதான் இருக்கிறது.

ஐ-கேட் மோகம்

இப்போது என் குறையைச் சொல்கிறேன். இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்களில் பலர் முதலில் கட்டுவது ஐ-கேட் என்ற நிலையம். ஒரு ராஸ்பெரி பை, ஒரு ரிசீவர், வீட்டு வைஃபை. காற்றில் கேட்டதை இன்டர்நெட்டில் ஏற்றிவிட வேண்டியது. உலக வரைபடத்தில் தன் அழைப்புக்குறி மின்னுவதைப் பார்த்துப் பூரிக்க வேண்டியது. கட்டுவது சுலபம், காட்டுவதற்கும் அழகு. தப்பே இல்லை. ஆனால் எல்லோரும் ஐ-கேட் மட்டுமே கட்டினால் என்ன ஆகும்? நெட் போன நிமிடம் வரைபடம் வெள்ளைத்தாள். மழைக்கு முதலில் ஒழுகும் கூரைக்கு எதற்கு அத்தனை வர்ணம்?

ஐ-கேட்டும் வேண்டும், வெளியூரில் இருப்பவருக்கு நம் நிலவரம் தெரிய அது ஒரு ஜன்னல். ஆனால் முதலில் சுவர், பிறகுதான் ஜன்னல். சுவர் என்பது டிஜிபீட்டர்.

கடலூர் முதல் சிதம்பரம் வரை

சுவர் எவ்வளவு உயரம் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். வி.எச்.எஃப். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும்; பூமியின் வளைவு மறைத்துவிடும். இரண்டு ஏரியல்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று கிடைக்கும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் தலா 30 மீட்டர் கம்பம் நட்டால்தான் நேரே எட்டும். நம் கைக்காசுக்கு அது நடக்காத கதை. ஆனால் 15 மீட்டர் கம்பங்களுக்குள் 31 கிலோமீட்டருக்கு மேல் எட்டும். அப்படியானால் கடலூரில் ஒன்று, நடுவழியில் புதுச்சத்திரம் அல்லது பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று. மூன்று கம்பத்தில் வேலை முடிந்தது! சாலையில் போகும் வண்டியின் கூரையில் 2 மீட்டர் உயரத்தில் ஏரியல் இருந்தால், ஒவ்வொரு கம்பமும் 21 கிலோமீட்டர் சுற்றளவுக்குக் காது கொடுக்கும். இது வெட்டவெளிக் கணக்கு. சவுக்குத் தோப்பும் தென்னந்தோப்பும் கொஞ்சம் தின்னும். ஆனால் கேப்பர் மலை மேட்டில் இடம் கிடைத்தால் அந்த நஷ்டத்தை அங்கேயே மீட்டுவிடலாம். பிறகு பண்ருட்டிக்கு ஒரு கிளை, வீராணம் ஏரிக்கரை நோக்கி காட்டுமன்னார்கோயிலுக்கு ஒரு கிளை என்று வருஷத்துக்கு ஒன்றாக நீட்டலாம்.

இதில் எல்லா பிராஞ்சுக்கும் வேலை இருக்கிறது. கம்பத்துக்கு அஸ்திவாரமும் ஸ்டே கம்பியும் சிவில்காரர்கள் பாடு. கிளாம்பும் வெல்டிங்கும் மெக்கானிக்கல். பேட்டரி, சோலார் பேனல், இடிதாங்கி, எர்த்திங் இ.இ.இ. ஏரியலும் டியூனிங்கும் இ.சி.இ. டீகோடர் மென்பொருளும், நெட் இல்லாமலே திறக்கும்படி சேமித்து வைத்த மாவட்ட வரைபடமும் கம்ப்யூட்டர்காரர்கள். புள்ளி வைக்க வரைபடமே நெட்டிலிருந்து இறங்க வேண்டும் என்றால் மொத்த உழைப்பும் வீண் என்பதை மறக்க வேண்டாம்.

கட்டியதும் முடிந்ததா?

இல்லை நண்பர்களே, அங்கேதான் ஆரம்பம். கட்டுவதைவிடத் திருத்துவதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசியே இருக்கிறது.

கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் 30 மீட்டர் போட்டால், இந்த அலைவரிசையில் சுமார் 6 டெசிபல் நஷ்டம். 5 வாட் அனுப்பினால் ஏரியலில் இருப்பது ஒன்றேகால் வாட்! தடித்த ஆர்.ஜி.-213 போட்டால் பாதிக்கு மேல் மிஞ்சும். செட்டை மாற்றாமல், கேபிளை மட்டும் மாற்றிப் பவரை இரண்டு மடங்காக்கலாம்.

அடுத்து ஏரியல். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். கால் அலைக் கம்பி சுமார் 49 சென்டிமீட்டர். ஒரு சாக்கெட், ஒரு நிமிர்ந்த கம்பி, கீழே சாய்வாக நாலு கம்பி. கிரவுண்ட் பிளேன் ஏரியல் தயார். ஆனால் நம் ஊர் உப்புக் காற்றுக்கு அது ஆறு மாசம்கூடத் தாங்காது என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். இணைப்புகளுக்கு ரப்பர் டேப் சுற்றி, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, தைக்கு அப்புறம் ஒரு தடவை ஏறிப் பார்த்து, பச்சை பூத்திருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும்.

பேட்டரிக் கணக்கு இன்னும் சுவையானது. 42 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம், கையில் 21. மொபைல் செட் கேட்டுக்கொண்டிருக்க 0.3 ஆம்பியர், ராஸ்பெரி பை 0.3, அவ்வப்போது டிரான்ஸ்மிட் செய்யச் சராசரி 0.1. ஆக உத்தேசமாக 0.7. முப்பது மணி நேரத்தில் படுத்துவிடும். பையை எடுத்துவிட்டு 0.05 ஆம்பியர் மைக்ரோ கன்ட்ரோலர் வைத்தால் 46 மணி நேரம். செட்டையும் குறைந்த கரண்ட் இழுக்கும் 5 வாட் செட்டாக மாற்றி, மொத்தத்தை 0.18-க்குக் கொண்டு வந்தால் கிட்டத்தட்ட ஐந்து நாள்! சூரியன் எட்டிப் பார்க்காத புயல் வாரத்தில் இந்த வித்தியாசம்தான் நிலையம் பேசுமா பேசாதா என்பதைத் தீர்மானிக்கும். காசு அதிகம் போட்டு அல்ல, யோசித்துக் கிடைத்த ஐந்து நாள் இது.

இன்னொன்று, நாகரிகம். ஒரு பாக்கெட்டுக்குச் சுமார் ஒரு விநாடி. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காத தூரத்தில் இருந்தால், இருவரும் ஒரே நேரத்தில் பேசி இரண்டும் கெடும். நெட்வொர்க் பாடத்தில் வரும் அலோஹா ஞாபகம் இருக்கிறதா? அதில் உருப்படியாகப் போய்ச் சேருவது நேரத்தில் 18 சதவீதம்தான். நிமிடத்துக்குப் பதினொரு பாக்கெட்! இருபது வண்டிகள் பத்து விநாடிக்கு ஒருமுறை "நான் இங்கே, நான் இங்கே" என்று கத்தினால் நிமிடத்துக்கு 120. ஒன்றும் தேறாது. அசையாத நிலையம் அரை மணிக்கு ஒருமுறை சொன்னால் போதும். வண்டி திரும்பும்போதும், ஓடும்போது ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறையும் போதும். ஒலி அளவையும் குறைத்து வையுங்கள். சத்தமாக அனுப்பினால் தூரம் போகாது, சிதைந்துதான் போகும்.

லைசென்ஸ் இல்லாமல் வேண்டாம்

ஆர்வத்தில் செட் வாங்கி உடனே டிரான்ஸ்மிட் செய்யக் கூடாது. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வை எழுதி, லைசென்ஸும் அழைப்புக்குறியும் பெற்ற பிறகுதான். 12 வயது நிரம்பினாலே எழுதலாம். நாம் படிக்கும் எலெக்ட்ரானிக்ஸில் கால்வாசி தெரிந்தால் தேறலாம். வியாபாரத்துக்கும் ரகசியச் சங்கேதத்துக்கும் இதில் இடமில்லை. மீனவர் படகில் மாட்டிவிடலாமே என்ற நல்லெண்ணமும் வேண்டாம். லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுக்க முடியாது. படகுகளுக்கென்று இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்தும் திட்டம் 2024-ல் தொடங்கிவிட்டது. நம் இடம் கரை.

லைசென்ஸ் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டர்களின் ஆடியோ சாக்கெட்டை ஒரு வயரால் இணைத்து, டயர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருளை இரண்டிலும் ஓட்டினால், ரேடியோவே இல்லாமல் பாக்கெட் அனுப்பிப் பழகலாம். லேபில் ஒரு மாலை நேரம் போதும்.

திருவிழாவே லேபரட்டரி

புரூனிங்காவுக்குக் குதிரைப் பந்தயம். நமக்கு? மாசி மகத்தன்று சுற்றுவட்டார சுவாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வருகிறார்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் சிதம்பரத்தில் நடராஜர் தேர் வீதி வலம் வருகிறது. ஆயிரமாயிரம் கூட்டம், காணாமல் போகும் குழந்தைகள், தேடி அலையும் பெற்றோர், நெரிசலில் திணறும் செல்போன். மேற்கு வங்கத்தில் கங்காசாகர் மேளாவில் ஹாம்கள் வழிதவறிய யாத்ரீகர்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். லைசென்ஸ் பெற்ற நம்மவர் நாலு பேர், போலீசின் அனுமதியோடு, முதலுதவி மையமும் ஆம்புலன்சும் எங்கே நிற்கின்றன என்று வரைபடத்தில் காட்டட்டும். புயல் வருஷத்துக்கு ஒரு தடவை வருமோ வராதோ. திருவிழா தவறாமல் வரும். ஒவ்வொரு திருவிழாவிலும் ஒரு குறை தெரியும். அடுத்ததற்குள் திருத்தலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றதும் ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறி, செய்து வைத்த கிட்டை வாங்கி வந்து, வைவாவுக்கு நாலு வரி மனப்பாடம் செய்கிற வழக்கம் நமக்குள் இருப்பதை மறைப்பானேன்? மார்க் வாங்கிய மறுநாள் அது அலமாரியில் தூங்கும். இந்த நிலையம் அப்படி அல்ல. இந்த வருஷத்து செட் நட்ட கம்பத்தில் அடுத்த வருஷத்து செட் நல்ல கேபிள் போடும். அதற்கடுத்த செட் பேட்டரியை ஐந்து நாளுக்கு நீட்டும். சீனியர் விட்ட இடத்திலிருந்து ஜூனியர் தொடங்கும் ப்ராஜெக்ட் நம் கல்லூரிகளில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்!

எனவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது: வரும் கல்வியாண்டில் ஒரு ஹாம் கிளப் தொடங்குங்கள். பத்துப் பேரைத் தேர்வுக்கு அனுப்புங்கள். மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட இடம் கேளுங்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள மற்ற பாலிடெக்னிக் நண்பர்களுக்கும் கடிதம் எழுதுங்கள். நடுக்கம்பத்துக்கு ஆள் தேடுவோம். அடுத்த ஐப்பசிக்குள் இரண்டு ஊரும் ஒரே ஒரு பாக்கெட்டாவது, நெட் இல்லாமல், காற்றிலேயே பரிமாறிக்கொண்டால் போதும். மீதியைத் திருத்தித் திருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

வாருங்கள் நண்பர்களே, ஏரியல் கட்டுவோம்!

— மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை